மனையும் மாடியும் மக்களும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழாவில் தலைமையாசிரியன் ஒருவன் பேச எழுந்தால், தேர்வைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் பேசுவான் என்று எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் நான் இன்று நிலத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நகரத்தில் ஒரு மனையில் எத்தனை மாடி கட்டலாம், அம்மாடிகளில் எத்தனை குடும்பங்கள் வாழலாம், தரைத்தளத்தில் கடை வைக்கலாமா கூடாதா என்பவற்றையெல்லாம் முடிவு செய்கின்ற விதிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதற்கும் கல்விக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். அந்தத் தொடர்பை எனக்குக் கற்பித்தது என் வகுப்பின் வருகைப் பதிவேடு.

2015ஆம் ஆண்டு டிசம்பர்ப் பெருவெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது நான் சென்னையின் நடுப்பகுதியில் ஓர் அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியனாக இருந்தேன். வெள்ளத்திற்குப் பின், ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல நகரின் தென்கோடிக்கு மாற்றப்பட்டன. கல்வியாண்டின் நடுவில், என் எட்டாம் வகுப்புப் பதிவேட்டில் 9 பெயர்களைச் சிவப்பு மையால் அடித்தேன். அவர்களுள் ஒருவன் கணக்கில் வல்லவன். இரண்டு பேருந்து மாறி மூன்று வாரம் வந்தான். நான்காம் வாரம் வரவில்லை. தேடிச் சென்றேன். ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தான். “போக வர நாலு மணி நேரம் ஆவுது சார். அம்மாவும் பழைய வீடுங்களுக்கு வேலைக்குப் போக முடியல சார்” என்றான். அச்சிறுவன் படிக்க மறுக்கவில்லை. அவன் படிப்பு நின்றதற்குக் காரணம், நகரத்தின் வரைபடத்தில் அவனுக்கு ஒதுக்கப்பட்ட இடம். அன்று முதல்தான் நான் நகரத்தின் வரைபடத்தையும் ஒரு பாடநூலாகப் படிக்கத் தொடங்கினேன்.

அன்பர்களே! நம் முன்னோர் வாழ்ந்த கிராமத்திற்கும் ஒரு வரைபடம் இருந்தது. ஊர் ஒரு பக்கம்; சேரி ஒரு பக்கம்; இடையே வயல், அல்லது வாய்க்கால். அந்த வரைபடத்தை எவரும் தாளில் வரையவில்லை. ஆயினும் மீறியவன் அடிபட்டான். பொதுத் தெருவில் நடப்பதற்கும், பொதுக் கிணற்றில் நீர் எடுப்பதற்கும் நமக்கு உரிமை உண்டு என்று சென்னைச் சட்டமன்றத்தில் 1924ஆம் ஆண்டு இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்ற வேண்டியிருந்தது. 1948 நவம்பரில் அண்ணல் அம்பேத்கர் அவர்கள், கிராமத்தைப் போற்றியவர்களுக்கு மறுமொழியாக, அரசியலமைப்பு தனிமனிதனையே அடிப்படை அலகாகக் கொண்டிருப்பது குறித்து மகிழ்ச்சி தெரிவித்தார். நகரம் நமக்கு விடுதலை தரும் என்ற நம்பிக்கையில்தான் நம் பாட்டன்மார் ஆலைக்கும் துறைமுகத்திற்கும் இரயில்வேக்கும் வேலை தேடி வந்தனர். அந்த நம்பிக்கை முழுவதும் பொய்த்துவிடவில்லை. நான் இங்கே நின்று பேசுவதே அதற்குச் சான்று. எனினும் ஊரும் சேரியும் நகரத்திற்குள் வேறு உடையணிந்து வந்துவிட்டன என்பதையும் நாம் மறுக்க இயலாது.

நகரத்தின் வரைபடம் எவ்வாறு வரையப்படுகிறது? தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்படி இயங்கும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் நகரத்திற்கு முழுமைத் திட்டம் தீட்டுகிறது. இரண்டாவது முழுமைத் திட்டம் 2008ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. 2026ஆம் ஆண்டு வரைக்குமான தேவைகளைக் கருதி அது தீட்டப்பட்டது. அதற்கு அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாவது திட்டத்தின் பணி தொடங்கப்பட்டிருக்கிறது. இத்திட்டம் ஒவ்வொரு மனைக்கும் ஒரு நிறம் பூசுகிறது. முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், வேளாண்மை என்று நிலம் வகைப்படுத்தப்படுகிறது. கலப்புக் குடியிருப்பு என்றால் வீடும் கடையும் சிறுதொழிலும் அடுத்தடுத்தோ மேலும் கீழுமோ இருக்கலாம். ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாற்றுவதை நில உபயோக மாறுதல் என்கிறார்கள். அந்த ஒரு கையெழுத்தில் நிலத்தின் விலை பன்மடங்கு ஏறும்.

இரண்டாவது அளவுகோல், தளப்பரப்புக் குறியீடு. மாணவச் செல்வங்களே, இதைக் கணக்காகவே பாருங்கள். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. குறியீடு 1.5 என்றால் எல்லாத் தளங்களையும் சேர்த்து 3,600 சதுர அடி கட்டலாம். 2 என்றால் 4,800 சதுர அடி. தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தபோது, சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5 ஆக இருந்தது 2 ஆக உயர்ந்தது. உயர்மாடிக் கட்டடங்களுக்கு 2.5 ஆக இருந்தது 3.25 ஆக உயர்ந்தது. அதற்கு மேலும் அரசுக்குக் கட்டணம் செலுத்திக் கூடுதல் தளப்பரப்பு பெறலாம். இதன் நோக்கம் நல்லதே. நகரம் வயல்களையும் ஏரிகளையும் விழுங்கிக்கொண்டு பக்கவாட்டில் படர்வதைவிட, பேருந்தும் இரயிலும் பள்ளியும் மருத்துவமனையும் உள்ள இடத்திலேயே மேல்நோக்கி வளர்வது அறிவுடைமை. வீடுகள் பெருகினால் வாடகை தணியும். வேலைக்கு நடந்தே போகலாம். கொள்கையளவில் நான் இதனை ஆதரிக்கிறேன். ஏழைக்கு நகரத்தின் நடுவில் இடம் வேண்டுமானால் அடர்த்தி வேண்டும்.

ஆனால் விதிகளை ஊன்றிப் படித்தபோது ஒரு செய்தி என் நெஞ்சில் தைத்தது. கூடுதல் தளப்பரப்பு சாலையின் அகலத்தைப் பொறுத்தது. 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, 18 மீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள சாலையில் 50 விழுக்காடு. 12 முதல் 18 மீட்டர் வரை 40 விழுக்காடு. 9 முதல் 12 மீட்டர் வரை 30 விழுக்காடு. 9 மீட்டருக்குக் குறைந்தால்? ஒன்றுமில்லை. தீயணைப்பு வண்டி செல்ல வேண்டும், கழிவுநீர் ஓட வேண்டும் என்ற காரணங்கள் நியாயமானவை. ஆயினும் எண்ணிப் பாருங்கள். நம் மக்கள் வாழும் தெருக்களுள் எத்தனை தெருக்கள் 30 அடி அகலம் உடையவை? குறுகிய சந்துகளை நாம் விரும்பியா தேர்ந்தெடுத்தோம்? அகன்ற வீதி ஒருவருக்கும் சந்து மற்றொருவருக்கும் என்று காலம் காலமாகப் பங்கிட்டுவிட்டு, இன்று அகன்ற வீதிக்கு மட்டும் வானத்தில் கூடுதல் பங்கு தந்தால், பழைய பங்கீடு புதிய கணக்கில் மீண்டும் எழுதப்படுகிறது அல்லவா? இவ்விதியில் சாதி என்ற சொல் எங்குமே இல்லை. நான் எவர்மீதும் வஞ்சகம் சாட்டவில்லை. விளைவைத்தான் சுட்டுகிறேன்.

இத்தகைய விளைவை வேறு நாட்டு மக்களும் கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் 1910ஆம் ஆண்டில், கறுப்பின மக்களும் வெள்ளையரும் எந்தெந்தத் தெருத்தொகுதியில் குடியிருக்கலாம் என்று சட்டமே இயற்றியது. லூயிவில் நகரின் அத்தகைய சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1917ஆம் ஆண்டில் செல்லாதென்று தீர்ப்பளித்தது. பிறகு என்ன நடந்தது? ஒரு மனையில் ஒரு வீடுதான் இருக்க வேண்டும், மனை இத்தனை பெரியதாக இருக்க வேண்டும் என்ற விதிகள் நகரெங்கும் பரவின. நிறத்தின் பெயரால் விலக்க முடியாத ஏழைகளை மனையின் அளவே விலக்கிவிட்டது. நூறாண்டு கழித்து, 2018ஆம் ஆண்டு டிசம்பரில் மினியாபொலிஸ் நகர மன்றம், ஒரு வீடு மட்டுமே என்றிருந்த மனைகளில் மூன்று வீடுகள் வரை கட்டலாம் என்று முடிவெடுத்தது. பழைய வரைபடம் இன ஒதுக்கலுக்குத் துணை நின்றது என்பதையும் அந்நகரத்தார் ஒப்புக்கொண்டனர். தவறான விதியைத் திருத்த இயலும் என்பதற்காகவே இதைச் சொல்லுகிறேன்.

அதே 1917ஆம் ஆண்டில், கொலம்பியாவில் பயின்று திரும்பிய அண்ணல் அம்பேத்கர் அவர்கள் பரோடா நகரில் தங்குவதற்கு ஓர் அறை கிடைக்காமல் அலைந்தார். பார்சி விடுதியில் தங்கிய அவரை, சாதி தெரிந்தவுடன் தடிகளோடு வந்து வெளியேற்றினர். அது பழங்கதை என்று எண்ணாதீர்கள். நான் ஆசிரியப் பணியேற்ற புதிதில் வாடகை வீடு தேடினேன். வீட்டுக்காரர் ஊதியம் எவ்வளவு என்று கேட்கவில்லை. சொந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். வீடு உறவினருக்குத் தேவைப்படுகிறது என்றார். இப்போது கேள்வி நாகரிகமாக மாறியிருக்கிறது, “நீங்கள் அசைவமா?” என்று கேட்கிறார்கள். ஆகவே மாடிகள் உயர்ந்துவிட்டால் மட்டும் மனங்கள் உயர்ந்துவிடும் என்று நான் ஏமாறவில்லை. வீடுகள் பெருகும்போது அவற்றுள் நமக்குரிய பங்கு எழுத்தில் உறுதி செய்யப்பட வேண்டும்.

அரசு நமக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவது நன்றி மறந்த செயலாகும். 1970ஆம் ஆண்டில் குடிசை மாற்று வாரியம் தோன்றியது. குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் எழுந்தன. கடற்கரையோரம் நொச்சிக்குப்பத்தில் எழுந்த குடியிருப்புகளை எண்ணிப் பாருங்கள். வீடு சிறியது, ஆனால் கடல் எதிரே இருந்தது, தொழில் அருகே இருந்தது. பின்னாளில் போக்கு மாறியது. 2000ஆம் ஆண்டையொட்டிக் கண்ணகி நகர், பின்பு செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கம் என்று, பல்லாயிரம் குடும்பங்கள் வேலையிடத்திலிருந்து நெடுந்தொலைவில் குவிக்கப்பட்டன. பெரும்பாக்கத்தில் தரைத்தளமும் அதன்மேல் ஏழு மாடிகளும் உள்ளன. அடர்த்திக்குக் குறைவில்லை. குறைந்தது கலப்பு. இட்டிலி சுட்டு விற்ற தாய்க்கு ஏழாம் மாடியில் வாடிக்கையாளர் ஏது? சலவைப் பெட்டி வைத்திருந்தவருக்கு வண்டி நிறுத்த இடம் ஏது? மும்பையின் தாராவியைப் பாருங்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற நம்மவர் பலர் அங்கே வாழ்கின்றனர். கீழே பட்டறை, மேலே வீடு. வசதிக் குறைவுகள் ஆயிரம் இருப்பினும், தொழிலும் வீடும் ஒட்டியிருப்பதால்தான் அவ்வூர் பிழைத்திருக்கிறது. வீட்டை மட்டும் கட்டிக்கொடுத்துப் பிழைப்பை விட்டுவிடும் திட்டம் பாதித் திட்டமே. வாரியம் 2021ஆம் ஆண்டில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றப்பட்டது. வாழ்விடம் என்பது நல்ல சொல். அச்சொல்லுக்குள் பள்ளியும் கடையும் வேலையும் அடங்கும் என்று நாம் நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

மற்றொரு செய்தியை இம்மேடையில் சொல்லாமல் போனால் நான் நம் மக்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். ஒவ்வொரு மாடி உயரும்போதும் கழிவுநீரும் பெருகுகிறது. பழைய குழாயில் புதிய சுமை ஏற்றப்படுகிறது. அது அடைத்துக்கொண்டால் உள்ளே இறக்கப்படுபவன் யார்? கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. கழிவுநீர்க் குழியில் இறந்தவர் குடும்பத்திற்கு 10 இலட்சம் உரூபாய் வழங்க 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்ததே, சாவு நிற்கவில்லை என்பதற்குச் சான்று. ஆதலால், மாடிக்கு அனுமதி தரும் முன்பு குழாய்க்கும் இயந்திரத்திற்கும் வழி செய் என்று கேட்பது நம் உயிர்க் கோரிக்கை.

நகரம் விரியும் எல்லையிலும் நமக்கு ஒரு வழக்கு உண்டு. செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்கீர் நம் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையின் பயனாக, 1892ஆம் ஆண்டில் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் வழங்க ஆணை பிறந்தது. அதுவே பஞ்சமி நிலம். முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது. அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. அந்நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் துறந்தனர். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர்ப் பகுதி 2022ஆம் ஆண்டில் 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டிருக்கிறது. வேளாண் நிலம் குடியிருப்பாக மாறும் ஒவ்வோர் இடத்திலும், இந்நிலத்தின் மூல ஆவணம் என்ன என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு. நில உபயோகம் மாறிவிட்டால் நிபந்தனை மறைந்துவிடாது.

இனி, நம் வீட்டுக்குள் வருவோம். நம் மாணவர் விடுதி நிற்கும் மூன்று கிரவுண்டு மனையை ஒரு கட்டடத் தொழிலதிபர் கேட்டிருப்பதும், அடுத்த மாதப் பொதுக்குழுவில் அது முடிவுக்கு வரவிருப்பதும் உங்களுக்குத் தெரியும். விற்றுவிட்டுப் புறநகரில் பெரிய இடம் வாங்கலாம் என்று சிலர் கூறுகின்றனர். தொடவே கூடாது என்று சிலர் கூறுகின்றனர். இரு சாராரும் சங்கத்தின் நன்மையை நாடுபவர்களே. நான் ஒரு கணக்கை மட்டும் உங்கள்முன் வைக்கிறேன்.

நம் தெருவின் அகலம் 20 அடி. ஆகவே நம் மனைக்குத் தனியாகக் கூடுதல் தளப்பரப்பு கிடையாது. 7,200 சதுர அடியை இரண்டால் பெருக்கினால், மிகுதியாகக் கட்டக்கூடியது 14,400 சதுர அடி. அவர் விலை பேசுவது இக்கணக்கின்படி. ஆனால் நமக்குப் பின்புறம் 60 அடிச் சாலையைப் பார்த்திருக்கும் மனையை அவர் முன்பே வாங்கிவிட்டார். இரண்டையும் ஒன்றாக இணைத்து அனுமதி பெற்றால், நம் மனையும் 60 அடிச் சாலை மனையாகிவிடும். அரசுக்குக் கட்டணம் செலுத்தினால் 50 விழுக்காடு கூடும். அப்போது நம் மண்ணின்மீது எழக்கூடியது 21,600 சதுர அடி. இடைப்பட்ட 7,200 சதுர அடி யாருக்கு? அதாவது, இன்று நாம் நிற்கும் மனையின் அளவுக்குச் சமமான ஒரு பரப்பு அவருடைய கடிதத்தில் பேசப்படவே இல்லை. அவர் சட்டத்தை மீறவில்லை, சட்டத்தைப் படித்திருக்கிறார். நாம் படிக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்வி கல்வி என்று முழங்கிய சங்கம் இக்கணக்கில் தோற்கலாமா?

என் கருத்து இது. விற்க வேண்டாம். கட்டவும் மறுக்க வேண்டாம். கூட்டு ஒப்பந்தம் பேசுவோம். அதற்கு ஐந்து நிபந்தனைகள் வைப்போம். முதலாவதாக, மனையின் பிரிபடாத பாகத்தில் நமக்குரிய பங்கு சங்கத்தின் பெயரில் பதிவு செய்யப்பட வேண்டும். மாடி இடிந்தாலும் மண் நிலைக்கும். இரண்டாவதாக, கூடுதல் தளப்பரப்பின் பயனிலும், அதற்கான கட்டணம் போக, நமக்குப் பங்கு வேண்டும். மூன்றாவதாக, தெருவைப் பார்த்த தரைத்தளம் நமக்கு வேண்டும். அங்கே நூலகமும், நம் தாய்மார்கள் நடத்தும் கடைகளும் அமையட்டும். அவ்வாடகையில் விடுதி நடக்கும். நான்காவதாக, கட்டடம் முடியும் வரை மாணவர்கள் தங்க, இப்போதைய பள்ளிக்கு நடந்து செல்லும் தொலைவில் மாற்றிடமும், அதன் வாடகைக்கு வங்கியில் வைப்புத் தொகையும் வேண்டும். எந்தப் பிள்ளையின் பெயரையும் சிவப்பு மையால் அடிக்கும் நிலை வரக்கூடாது. ஐந்தாவதாக, வரம்பற்ற பொது அதிகாரப் பத்திரத்தில் எவரும் கையொப்பமிடக் கூடாது. இவற்றை அவர் ஏற்கவில்லையென்றால் காத்திருப்போம். அகன்ற சாலை எங்கும் போய்விடாது. நம் மண்ணும் போய்விடாது.

மாணவச் செல்வங்களே! இறுதியாக உங்களுக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவரும் வழக்கறிஞரும் நம்மில் தோன்றிவிட்டனர். நகரமைப்பு வல்லுநர் எத்தனை பேர்? நில அளவையர் எத்தனை பேர்? முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியாகும்போது ஆட்சேபனைகளும் ஆலோசனைகளும் கூறுமாறு மக்களை அழைப்பது சட்டம் தந்த வழி. நில உபயோக மாறுதலுக்கும் நாளிதழில் சிற்றெழுத்தில் அறிவிப்பு வருகிறது. அதைப் படிப்பதற்கு நம் தெருவில் ஒருவர் வேண்டும். நம் இரவுப் பள்ளியில் வாரம் ஒரு நாள் வரைபடம் படிக்கக் கற்றுத்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். பட்டாவும், வில்லங்கச் சான்றும், ஒதுக்கீட்டு ஆணையும் எடுத்துக்கொண்டு பெற்றோரும் வரலாம். சாலை அகலத்தின் குறையால் நம் தெருக்கள் இழக்கும் பங்கிற்கு மாற்றாக, சிறு மனைகளைத் தெருவோர் சேர்ந்து இணைக்கச் சலுகை வேண்டும் என்ற கோரிக்கையை மூன்றாவது முழுமைத் திட்டத்திற்கு இச்சங்கத்தின் பெயரால் எழுதி அனுப்புவோம்.

மளிகைக் கடையில் பொட்டலம் கட்டிய அம்மாணவனைப் பிறகு நான் பள்ளிக்குத் திருப்பிக் கொண்டுவர இயலவில்லை. அது என் ஆசிரிய வாழ்வில் ஆறாத குறை. இனி ஒரு பிள்ளைக்கு அந்நிலை வராமல் காக்கும் ஆற்றல், அடுத்த மாதம் நீங்கள் உயர்த்தப்போகும் கைகளில் இருக்கிறது. எண்ணிப் பார்த்து உயர்த்துங்கள்.